செங்குத்தாகத் தெரியாத செங்குத்துக் கோடு

ரூலரை நான் எறிந்தது உண்மை. ஆனால் என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிவதுபோல அவர்மேல் எறியவில்லை. ஜன்னலைப் பார்த்துத்தான் எறிந்தேன். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். செரண்டாவில் எங்கள் வீட்டுச் சமையலறை. அடுப்பில் நெத்திலிச் சம்பல் அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. மேசைமேல் பாதி நறுக்கிய வெங்காயம். அதன் பக்கத்தில் இரண்டு வரைபடத் தாள்கள், ஒன்று அவர் வரைந்தது, ஒன்று நான் வரைந்தது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

ரூலர் ஜன்னல் கம்பியில் பட்டு வெளியே விழுந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து ஒரு கை ஜன்னல் வழியாக வந்து, ரூலரைப் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனது. ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் நடக்கிறது என்பது அந்த வீட்டு வரிசைக்கே தெரியும்.

சென்ற வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில், நாற்பது தாண்டிய பிறகு நான் புத்தகப் பை தூக்கிய கதையைத் தொடங்கியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர், "என்னயப் பத்தி நல்லதா ஒண்ணும் எழுதலியே" என்றார். இந்த வாரமும் அவருக்கு ஏமாற்றம்தான்.

கூட வந்தவர்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறார்கள். கார் கதவுக்குள் போகும் கொக்கி, குளிர்சாதனப் பெட்டியின் மூலைத்துண்டு, இப்படி. வெகுகாலமாக நான் பரிசோதனை வரிசையில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான். அங்கே நாற்காலி கிடையாது. முழங்கால் இரண்டும் மாலையில் வீங்கிக்கொள்ளும்.

அதே கட்டடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை உண்டு. அளவை அறை. உள்ளே குளிர்சாதனம், கருங்கல் மேசை, பாகங்களை மூலைமூலையாகத் தொட்டு அளக்கும் ஒரு பெரிய இயந்திரம், முக்கியமாக நாற்காலிகள். அந்த அறைக்குப் போக ஒரே ஒரு நிபந்தனை. வார இறுதி டிப்ளோமா வகுப்பில் சேர்ந்து, முதலாண்டுக் கணிதத்தில் தேர்ச்சி பெற வேண்டும்.

ரவாங்கில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். எங்களுக்கு ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். எனக்கு ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் சேகர்தான் கொண்டுபோய் விட வேண்டும். விட்டுவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி வருவது வீண் என்று கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். சில வாரங்களில் கோப்பிக்கடை சலித்துவிட்டது.

"சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நானும் சேந்துடுறேனே லா" என்றார்.

சேர்ந்தார். இரும்புச் சாமான் கிடங்கில் ஸ்டோர் பார்க்கும் மனிதர். டிப்ளோமாவால் அவருக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. பொழுதுபோக வந்தவர்.

அவர் முதல் தடவையிலேயே பாஸ். நான் ஃபெயில்.

இந்த ஒரு வரியை எழுதும்போது இன்றைக்கும் பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன். துணைக்கு வந்தவர் மாடியில் இரண்டாமாண்டு வகுப்புக்கு ஏறிப் போகிறார். படிக்க வந்தவள் கீழே, திரும்ப எழுதுகிறவர்களின் அறையில், ஓடாத காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கோட்டுக்கு மூன்று பெயர்

மற்றப் பாடங்கள் எனக்கு அவ்வளவு மோசமில்லை. சதவீதம் வரும். பரப்பளவு வரும். என் கழுத்தைப் பிடித்தது ஆயத்தொலை வடிவியல். இரண்டு அச்சுகளைப் போட்டு, அதில் கோடுகளை நிறுத்தி, அவற்றைக் கேள்வி கேட்கும் பகுதி.

இதில் பாதிக் குற்றம் மொழிகளுடையது. ஈஜோக் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அது செங்குத்து. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதையே மலாயில் செரென்ஜாங் என்றார்கள். டிப்ளோமாவில் பெர்பெண்டிகுலர். சாய்வுக்கும் அப்படித்தான், வெட்டுத்துண்டுக்கும் அப்படித்தான். கேள்வியை வாசித்து, மலாய்க்குக் கொண்டுபோய், அங்கிருந்து தமிழுக்குக் கூட்டிவந்து, விடை கண்டுபிடித்து, மறுபடி ஆங்கிலத்தில் கொண்டுபோய் விட வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதற்குள் மூன்று கணக்கு முடித்திருக்கும்.

வெட்டுத்துண்டு என்பது இன்னொரு எரிச்சல். ஒரு கோடு x அச்சை எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க y-ஐச் சைபர் ஆக்க வேண்டும். y அச்சை எங்கே வெட்டுகிறது என்றால் x-ஐச் சைபர் ஆக்க வேண்டும். எதைக் கேட்கிறார்களோ அதை விட்டுவிட்டு மற்றதைக் கொல்ல வேண்டும். இதை யார் ஏற்பாடு செய்தார்கள்?

"நீ ஈஜோக்லேர்ந்து சின்ன ரோட்ல வர்ற. பெரிய ரோட்ட வந்து முட்டுற. அந்த எடத்துல நீ பெரிய ரோட்டுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அப்ப உன்னோட உயரம் என்னா?" என்று சேகர் கேட்டார்.

"சைபரு."

"அவ்வளவுதான். அதான் y சைபர்."

நியாயமாகச் சொல்கிறேன், இது புரிந்தது. அன்றோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. பேனாவால் மேசையைத் தட்டித் தட்டி, தோட்டத்து மண்டோர் வேலையாட்களைக் கணக்கு எடுப்பதுபோல், "அடுத்தது? ம்? அடுத்தது?" என்று தொடங்கிவிடுவார். மனைவிக்கு மோட்டார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கணவன்மாரைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், வண்டிதான் இல்லை. எனக்கு ஏன் ஓட்டத் தெரியாது என்பதும் இப்போது விளங்கியிருக்கும்.

செங்குத்துக்கும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தைத்தான் இழுத்தார். "செம்பனை நட்டிருக்கிறத பாரு. ஒரு வரிசை இப்பிடி, ஒரு வரிசை அப்பிடி. அதான் பெர்பெண்டிகுலர்."

"செம்பனைய முக்கோணமாத்தான் நடுவாங்க" என்றேன். "எங்கப்பா கன்னு நட்டவரு. வரிசையும் வரிசையும் செங்குத்தா வெட்டாது."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"நீங்கதானே இழுத்தீங்க?"

அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது.

இரண்டாம் தடவை

ஒரு கோட்டுக்கு இன்னொரு கோடு செங்குத்தாக இருந்தால், இரண்டின் சாய்வுகளைப் பெருக்கினால் மைனஸ் ஒன்று வரும். இது விதி. ஒன்றின் சாய்வு இரண்டு என்றால் மற்றதன் சாய்வு மைனஸ் அரை. தலைகீழாகத் திருப்பு, குறியை மாற்று. குளிக்கும்போதும், தொழிற்சாலையில் கொக்கிகளைப் பொறுக்கும்போதும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் தடவை தேர்வு எழுதப் போனபோது கேள்வி இப்படி வந்தது. y = 2x + 1 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (4, 3) என்ற புள்ளி வழியே போகும் கோட்டைக் கண்டுபிடி. அது y அச்சை எங்கே வெட்டுகிறது? இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் வரைந்து காட்டு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். சாய்வு மைனஸ் அரை. புள்ளியைப் போட்டேன். வெட்டுத்துண்டு ஐந்து. சரிபார்த்தேன். நான்கில் பாதி இரண்டு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பொருந்தியது.

பிறகு வரைந்தேன். x அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அலகு, y அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு அலகு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அப்படியே எடுத்தேன். புள்ளிகளைக் குறித்தேன். ரூலரை வைத்து இழுத்தேன்.

கோணலாக இருந்தது.

கொஞ்சநஞ்சக் கோணல் இல்லை. ஒடிந்த நாற்காலிக் கால் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எந்தப் பைத்தியக்காரனும் அதைச் செங்கோணம் என்று சொல்ல மாட்டான். புள்ளிகளை மறுபடி குறித்தேன். அழித்து வரைந்தேன். அதே கோணல்.

வாழ்க்கையில் பாதியை, வளைந்த துண்டுகளைக் கண்ணால் பார்த்து ஒதுக்கித் தள்ளுவதில் கழித்தவள் நான். கண் "சரியில்லை" என்றால் கை தானாக ஒதுக்கிவிடும். ஒதுக்கிவிட்டேன். முழு விடையையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைகீழாகத் திருப்பாமல், குறியை மட்டும் மாற்றி, சாய்வு மைனஸ் இரண்டு என்று போட்டுப் பார்த்தேன். வெட்டுத்துண்டு பதினொன்று வந்தது. வரைந்தேன்.

அப்படி ஓர் அழகான செங்கோணத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டுச் சுவர் மூலை மாதிரி நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டு, அடியில் இரட்டைக் கோடு போட்டேன். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரமில்லாமல் போனது. போனால் போகட்டும், இது ஒன்று போதும் என்று எழுந்து வந்தேன்.

மயிரிழையில் ஃபெயில். இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளர் நல்லவர்தான். ஆனாலும், "இந்தத் தடவ பாஸ் வரலைனா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க கோமளா. நான் என்னா செய்ய?" என்றார்.

இரண்டு தாள்கள்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சேகரிடம் அந்தக் கேள்வியைச் சொன்னேன். முடிவு வந்த பிறகு சில நாட்கள் அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாக வாயில் வந்துவிட்டது.

"வெட்டுத்துண்டு அஞ்சு" என்றார், யோசிக்காமல்.

"பதினொண்ணு."

"குறிய மட்டும் மாத்திட்டியா? எத்தன தடவ சொன்னேன் உனக்கு? தலகீழா திருப்பணும்னு சொன்னேனா இல்லியா?"

"நான் வரஞ்சு பாத்தேன். அஞ்சு போட்டா கோணலா வருது."

"வராது."

"வந்துச்சுங்க! நான் கண்ணால பாத்தேன்!"

மகள் ஈப்போவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் விட்டுப்போன வரைபடப் புத்தகத்தில் இரண்டு தாள் கிழித்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பரீட்சை மண்டபம் தோற்றது. இரண்டு பேரும் ரூலரைப் பிடுங்கிப் பிடுங்கி வரைந்தோம்.

அவர் அஞ்சு போட்டு வரைந்தார். செங்கோணம். நான் பதினொன்று போட்டு வரைந்தேன். செங்கோணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் எழுந்து போய்த் தன் கருவிப் பெட்டியிலிருந்து தச்சர்கள் வைத்திருக்கும் மூலைமட்டத்தை எடுத்து வந்தார். அவர் தாளில் வைத்தார், பொருந்தியது. என் தாளில் வைத்தார், பொருந்தியது.

"இது எப்பிடி லா?" என்றார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

நான் வெங்காயக் கையோடு குனிந்து பார்த்தேன். செங்குத்துக் கோட்டை விட்டுவிட்டு முதல் கோட்டைப் பார்த்தேன். y = 2x + 1. கேள்வியிலேயே கொடுத்த கோடு. அதில் அவருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. இரண்டு தாளிலும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லை. அவர் தாளில் மரம் ஏறுவதுபோல் நிமிர்ந்து நின்றது. என் தாளில் சாய்ந்து படுத்திருந்தது.

கட்டங்களை எண்ணினேன். அவருடைய கோடு ஒரு கட்டம் வலப்பக்கம் போனால் இரண்டு கட்டம் மேலே ஏறியது. என்னுடையது ஒரு கட்டம் போனால் ஒரு கட்டம்தான் ஏறியது.

"நீங்க y அச்சுல ஒரு சென்டிமீட்டருக்கு எத்தன வச்சீங்க?"

"ஒண்ணு. வேற எத்தன வப்பாங்க?"

"பேப்பர்ல ரெண்டு வைக்கச் சொல்லியிருந்தாங்க. நான் ரெண்டு வச்சேன்."

அடுப்பில் சம்பல் பொரிந்தது. மேலே போகும் அளவை நெருக்கிவிட்டால் படம் முழுவதும் அமுங்கிவிடுகிறது. கோடுகள் அமுங்கும், அவற்றுக்கு நடுவே இருக்கும் கோணமும் அமுங்கும். சரியான விடை கோணலாகத் தெரியும். தப்பான விடை, என் கெட்ட நேரத்துக்கு, மூலைமட்டம் வைத்ததுபோல் நிற்கும்.

அப்படியென்றால் நான் முதலில் எழுதியது சரி. சரியாக எழுதி, சரியாக வரைந்து, சரியாக இருந்ததையே குறுக்கே அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த நேரத்தில் ஒரு புருஷன் என்ன சொல்லலாம்? "அடடா" என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் அடுப்பையாவது அணைக்கலாம்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல? அஞ்சுதான்."

அப்போதுதான் ரூலர் போனது.

"அப்புறம் எதுக்கு வரையச் சொல்றீங்க?"

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மிஸ் ஃபராவிடம் கேட்டேன். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவராக இருப்பார். பொறுமைசாலி. மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை அக்கா என்ற பொருளில் கக் என்று கூப்பிடுவார்.

இரண்டு தாளையும் காட்டினேன். அவர் சிரித்தார்.

"கக், படத்தை நம்பாதீங்க. கணக்கை நம்புங்க. அளவு வேற வேறயா இருந்தா கோணம் மாறித்தான் தெரியும்."

"அப்புறம் எதுக்கு வரையச் சொல்றீங்க?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்ப எழுதும் வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லாருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும்.

மிஸ் ஃபரா யோசித்தார். "பாடத்திட்டத்துல இருக்கு" என்றார்.

"அளவு மாறினா கோணலாத் தெரியும்னு பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்லை."

"அத யாராவது வகுப்புல சொன்னாங்களா?"

அவர் வெண்பலகையைத் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரே கோட்டை இரண்டு வெவ்வேறு அளவில் வரைந்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். பின்வரிசையில் ஒரு பெண் மலாயில், "அட, நானும் இப்பிடித்தான் அடிச்சிட்டு வந்தேன்!" என்று கத்தினாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம்தான். நான் மட்டும் முட்டாள் இல்லை என்பதால் எனக்கு மதிப்பெண் திரும்பி வரப்போவதில்லை.

வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் சேகர் எனக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நான் கேட்டால் பதில் சொல்லலாம். பேனாவால் மேசையைத் தட்டக் கூடாது. "அடுத்தது" என்ற சொல் வீட்டுக்குள் வரக் கூடாது.

"அப்ப நான் என்னாதான் செய்றது?" என்றார் பாவமாக.

"சம்பலப் பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார். அந்தச் சில மாதங்களில் எங்கள் வீட்டில் சாப்பாடு மோசமாகவும் படிப்பு நன்றாகவும் இருந்தது.

மூடி வைத்த படம்

மூன்றாம் தடவை. மழை பெய்து ஓய்ந்த காலை. மண்டபத்தில் ஈரக் காலணி வாசனை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் விடாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் நாற்காலி என் மேசையையும் சேர்த்து ஆட்டியது. அதற்கும் ஒரு எரிச்சல்.

கேள்வி வந்தது. y = 3x − 6. அது இரண்டு அச்சுகளையும் எங்கே வெட்டுகிறது? (3, 3) வழியே அதற்குச் செங்குத்தாகப் போகும் கோடு எது? வரைந்து காட்டு. இந்தத் தடவை y அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து அலகு. கேள்வி எழுதியவர் என்னை நேரில் பார்த்திருப்பாரோ என்று தோன்றியது.

x அச்சை இரண்டில் வெட்டியது. y அச்சை மைனஸ் ஆறில். செங்குத்துக் கோட்டின் சாய்வு மைனஸ் மூன்றில் ஒன்று. வெட்டுத்துண்டு நான்கு. தாளின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன். மூன்றையும் மைனஸ் மூன்றில் ஒன்றையும் பெருக்கினால் மைனஸ் ஒன்று.

வரைந்தேன். மகா கோரம். பாதி திறந்த கத்தரிக்கோல். ஒரு கோடு சோம்பலாக ஏறியது, மற்றது ஏறக்குறைய தரையோடு தரையாகக் கிடந்தது. என் கண்ணும் கையும் ஒரே குரலில் "ஒதுக்கு" என்றன.

காரணம் தெரிந்த பிறகும் அப்படித்தான் இருந்தது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. ரப்பரைக் கையில் எடுத்தேன். பெருக்கலை மறுபடி பார்த்தேன். மைனஸ் ஒன்று. படத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல். மைனஸ் ஒன்று. கத்தரிக்கோல்.

கடைசியில் கேள்வித்தாளை எடுத்து அந்தப் படத்தின்மேல் போட்டு மூடினேன். ரப்பரைத் தரையில் போட்டேன், குனிந்து எடுக்க முழங்கால் விடாது என்று தெரிந்தே. அடுத்த கேள்விக்குப் போனேன். அன்றைக்கு எல்லாக் கேள்விகளையும் எழுதி முடித்தேன்.

கல்யாண மண்டபம்

முடிவு வந்த நாளில் நாங்கள் கோலசிலாங்கூரில் இருந்தோம். சேகரின் மாமா மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நாதஸ்வரத்தை ஒலிபெருக்கி கிழித்துக்கொண்டிருந்தது. நான் பெண்கள் பக்கம், அவர் சாப்பாட்டுப் பந்தியில்.

இரண்டு பேரும் ஒரே கல்லூரி என்பதால் இரண்டு பேருக்கும் அவருடைய கைபேசி எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார். ஆகவே என் முடிவு அவருக்கு வரும். இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன் என்பது அவருக்கே தெரியும்.

தூரத்திலிருந்து பார்த்தேன். கைபேசியை எடுத்துப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டார். பாயாசத்தை இழுத்து வைத்துக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன்.

"வந்துருச்சா?"

"ம்."

"என்னாங்க?"

"பாஸ்."

"எத்தன?"

"பாஸ்னா பாஸ் லா. உக்காரு, சாப்புடு."

கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தேன். பாஸ்தான். நல்ல பாஸ். நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு படி மேலே. பக்கத்து இலைக்காரர்கள் என்ன ஏது என்று கேட்க, நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மேற்பார்வையாளருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அடுத்த மாதம் அளவை அறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கீழே இன்னொரு செய்தியைப் பார்த்தேன். அது அவருக்கு வந்தது. இரண்டாமாண்டு கால்குலஸ். ஃபெயில்.

அவர் பாயாசத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

இந்த நாளுக்காக நான் எவ்வளவு வசனங்கள் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒரு வருடச் சேமிப்பு. தலைகீழாகத் திருப்பினீர்களா, குறியை மாற்றினீர்களா, நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. அதை அதுவரை நான் கவனித்ததில்லை. ஒரு வசனமும் வரவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பாயாசம் வாங்கியாரவா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேணாம். கெளம்பலாம்."

ஈஜோக்கில் மழை

ஈஜோக் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரப் பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே வண்டியை ஏற்றி நிறுத்தினோம். கல்யாணச் சட்டையில் சேற்றுப் புள்ளிகள். எதிரே செம்பனைக் கன்றுகள் புகைபோல மங்கலாகத் தெரிந்தன. ஒரு லோரி எங்கள்மேல் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"பொழுதுபோகத்தானே வந்தேன்" என்றார், மழையைப் பார்த்தபடி. "ஃபெயிலானா ஒண்ணும் இல்லேன்னுதான் நெனச்சேன்."

நான் சேலை ஓரத்தைப் பிழிந்தேன்.

"ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றார்.

"ரெண்டு தடவ" என்றேன். "எனக்கு ரெண்டு தடவ இருந்துச்சு."

தலையாட்டினார். ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மழை கொஞ்சம் குறைந்தது. பிறகு ஏதோ கணக்குப் போடுபவர்போல் கேட்டார்.

"உனக்குக் கால்குலஸ் எப்ப வருது?"

"அடுத்த செமஸ்டர்."

"நானும் அடுத்த செமஸ்டர்தான் திரும்ப எழுதணும்." ஹெல்மெட் வாரை விட்டார். "அப்ப ஒரே கிளாஸ்தான்."

வண்டி இருக்கையைக் கையால் துடைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிளாஸ்ல எம்பக்கத்துல உக்காராதீங்க" என்றேன்.